பெரட்டில் பேர் பதியாத உழைப்பு

கூலாய் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில், விடியற்காலை நான்கு மணிக்கு எந்த வீட்டில் முதல் விளக்கு எரிகிறது என்று பார்த்தால், அது பெரும்பாலும் அடுப்படி விளக்காகவே இருக்கும். அதனை ஏற்றியவர் அவ்வீட்டுப் பெண்மணி. உலை வைக்கிறார், பிள்ளைகளுக்குப் பசியாறல் செய்கிறார், பள்ளிச் சீருடையைத் தேய்த்து வைக்கிறார், கணவருக்குத் தேநீர் கலந்து எழுப்புகிறார். பிறகு இருவரும் பெரட்டுக் களத்திற்குப் புறப்படுகின்றனர். அங்கே தண்டல் இருவர் பேரையும் வாசிக்கிறார். அந்த நொடியில்தான் இருவருடைய வேலைநாளும் தொடங்கியதாகப் புத்தகத்தில் பதிவாகிறது. ஆனால், கணவருக்கு அது அன்றைய முதல் வேலை. மனைவிக்கோ இரண்டாவது வேலை.

வாசக அன்பர்களே! ஆணும் பெண்ணும் சரிநிகர் என்று மேடைகளில் கேட்கிறோம், பாடப்புத்தகங்களில் படிக்கிறோம். அச்சொல் நம் தோட்டத்து வேலைக்காட்டிலும், நம் வீட்டு அடுப்படியிலும் எந்த அளவு மெய்யாகி இருக்கிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மரம் ஆள் பார்ப்பதில்லை

ரப்பர் மரம் அதிகாலையில்தான் தாராளமாகப் பால் சுரக்கும். வெயில் ஏற ஏறப் பட்டையிலுள்ள பால் குழாய்களில் அழுத்தம் குறைகிறது. பால் ஓட்டமும் குறைகிறது. எனவே, இருள் முழுவதும் விலகுமுன் வெட்டத் தொடங்க வேண்டும். பட்டையை ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் கனத்திற்குச் சீவினால் போதும். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. இந்தக் கைநுட்பத்தில் பெண்கள் ஆண்களுக்கு எவ்விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர் என்பது தோட்டத்தில் வளர்ந்த யாவருக்கும் தெரியும். காண்டா வாளியைத் தோளில் சுமந்து, மேடு பள்ளம் ஏறி இறங்கி, மங்கு மங்காகப் பால் எடுத்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதிலும் அவர்கள் சளைத்தவர்கள் அல்லர்.

கத்தியைப் பிடித்திருப்பது ஆணின் கையா பெண்ணின் கையா என்று மரம் பார்ப்பதில்லை. பார்த்தவர்கள் மனிதர்களே. பிரிட்டிஷார் ஆட்சிக் காலத்தில், 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், இந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊதியம் பல வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு; பெண்ணுக்கு 40 காசு. அதாவது, ஆண் பெற்ற ஐந்து காசில் பெண்ணுக்கு நான்கே காசு கிடைத்தது. ஆணே குடும்பத்தைக் காப்பவன், பெண் ஈட்டுவது கூடுதல் வருமானமே என்ற எண்ணம் அந்தப் பத்துக் காசு வேறுபாட்டிற்குப் பின்னால் இருந்தது. குடும்பத்தை இருவரும் சேர்ந்துதான் காத்தார்கள் என்பதை அக்கணக்கு மறந்துவிட்டது.

அந்த எண்ணம் எத்துணைத் தவறானது என்பதைப் போர்க்காலம் மெய்ப்பித்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் நம் தோட்டத்து ஆண்களை ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசென்றனர். பலர் திரும்பவே இல்லை. எஞ்சிய குடும்பங்களைப் பெண்கள் காத்தனர். 1943இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சிராணிப் படையில் சேர்ந்த பெண்களில் கணிசமானோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்றவர்கள். துப்பாக்கி ஏந்திய அக்கைகள் நேற்றுவரை பால்கத்தி ஏந்தியவையே.

அப்படையில் பணியாற்றியவர்களுள் ஒருவரான ராசம்மா பூபாலன் அவர்கள், பின்னர் ஆசிரியையாகி, 1960இல் அமைந்த பெண் ஆசிரியர் சங்கத்திற்குத் தலைமையேற்றார். ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தைக் கற்பித்த ஆசிரியருக்கு ஒரு சம்பளம், ஆசிரியைக்கு அதனினும் குறைந்த சம்பளம் என்றிருந்த காலம் அது. பல்லாண்டு முயற்சிக்குப் பின், 1969இல் அரசாங்கப் பணியிலுள்ள பெண்களுக்குச் சம ஊதியம் கிட்டியது. ஆசிரியப் பயிற்சி பெற்று இப்பணிக்கு வந்த எனக்கு, இச்செய்தியைக் கூறும்போது தனிப்பட்ட நன்றியுணர்வு உண்டாகிறது.

சட்டம் தந்துள்ளவை

அதன்பின் நாடு பல படிகள் ஏறியுள்ளது. சமமதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் வழங்க வேண்டுமென்னும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 100ஆம் ஒப்பந்தத்தை மலேசியா 1997இல் ஏற்றது. 2001இல் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு திருத்தப்பட்டு, ஆண், பெண் என்ற அடிப்படையில் பாகுபாடு காட்டலாகாது என்னும் கருத்து அதில் இடம்பெற்றது. கருவுற்றிருந்தார் என்ற காரணத்திற்காக ஒரு பெண்ணின் தற்காலிக ஆசிரியைப் பணி திரும்பப் பெறப்பட்டபோது, அது பாகுபாடே என்று 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பிள்ளைப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. முதன்முறையாகத் தந்தைக்கும் தொடர்ந்தாற்போல் 7 நாள் சம்பள விடுப்பு உண்டு. இதற்கு அவர் அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். மனைவி கருவுற்றிருப்பதைப் பேறுகாலத்திற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகவோ, பிள்ளை பிறந்தபின் இயன்ற அளவு விரைவாகவோ தெரிவித்திருக்க வேண்டும். வேலையில் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கருதுவோர் தொழிலாளர் இலாகாவில் முறையிடவும் அத்திருத்தம் வழிசெய்துள்ளது. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அது ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என இருவகைப்பட்டதன்று.

சட்டம் இவ்வளவு தந்திருந்தும் குறை எங்கே இருக்கிறது? பேர் பதியாத இடத்தில் இருக்கிறது. அதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன்.

வெட்டியவர் இருவர்; பேர் ஒருவருக்கு

சில ஆண்டுகளுக்கு முன், அரசாங்கத் திட்டங்களை விளக்குவதற்காக ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்து அனைவரும் கலைந்த பிறகு, ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் மட்டும் தயங்கி நின்றார். “என்ன அம்மா?” என்று கேட்டேன்.

“ஐயா, எங்க வீட்டுக்காரர் தவறி ஒரு வருசம் ஆச்சு. அவர் சேமநிதிப் பணம் எனக்கு வராதுன்னு சொல்றாங்க. நெசமாங்களா?”

விசாரித்தேன். கணவர் திருமணத்திற்கு முன்பே தம் அண்ணன் பேரை வாரிசாக நியமித்திருந்தார். அதனைப் பின்னர் மாற்றவில்லை. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் ஒருவரை நியமித்துவிட்டால், சட்டப்படி அந்தப் பணம் நியமிக்கப்பட்டவருக்கே உரியது. அம்மையாருக்குச் சொந்தச் சேமநிதி இருக்குமே என்று கேட்டேன். அவர் சொன்ன மறுமொழி இன்னும் என் செவியில் ஒலிக்கிறது.

“இருபது வருசமா அவர் கூடவே காட்டுக்குப் போனேன், ஐயா. அவர் மேல்வெட்டு, நான் கீழ்வெட்டு. பாலை ஒண்ணா ஊத்தி அவர் பேர்ல நிறுத்தோம். வெட்டுனது ரெண்டு பேரு. பேரு விழுந்தது ஒருத்தருக்கு.”

அங்கே யாரும் அவரை வேண்டுமென்றே ஏமாற்றியதாகத் தெரியவில்லை. கணவர் அன்பானவர்தாம். எடை கூடினால் குடும்பத்திற்குப் பணம் கூடும் என்ற நல்லெண்ணத்தில்தான் இருவர் பாலும் ஒரே பேரில் ஏறியது. ஆனால், அதன் விளைவு என்ன? இருபது ஆண்டு உழைத்த ஒருவர், ஏட்டின்படி ஒரு நாளும் உழைக்காதவராகிவிட்டார்.

இந்த இழப்பை எண்ணிக்கையில் காண்போம். இன்று ஒரு தொழிலாளி மாதம் 1,700 ரிங்கிட் சம்பளம் பெறுகிறார் என்று கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு அவர் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட். முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட். இரண்டும் சேர்ந்து மாதம் 408 ரிங்கிட். ஆண்டுக்கு 4,896 ரிங்கிட். பத்தாண்டுக்கு 48,960 ரிங்கிட். இது ஆண்டுதோறும் கிடைக்கும் ஈவுத்தொகையைச் சேர்க்காத கணக்கு. பேர் பதியாத ஒவ்வொரு பெண்ணும் முதுமைக்கென இழப்பது இத்தகைய தொகையையே. சேமநிதி மட்டுமன்று, பேர் இல்லையேல் காட்டில் பாம்பு கடித்தாலும், வழுக்கி விழுந்து கால் முறிந்தாலும் சொக்சோ பாதுகாப்பைக் கோருவது கடினம். பிள்ளைப்பேற்று விடுப்பிற்கும் சான்று இராது.

சம்பளத்தை யார் கையில் தருவது என்பதிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. வங்கிவழிச் சம்பளம் தொழிலாளியின் சொந்தப் பேரிலுள்ள கணக்கிலோ, அவர் பேரும் சேர்ந்துள்ள கூட்டுக் கணக்கிலோ செலுத்தப்பட வேண்டும். “அவர் கணக்கிலேயே போட்டுவிடுங்கள்” என்று மனைவி பெருந்தன்மையாகக் கூறுவது பழக்கமாக இருக்கலாம். ஆயினும், அது நல்ல பழக்கமன்று.

வீட்டு வேலைக்கு என்ன பேர்?

இனி, எந்த ஏட்டிலும் ஏறாத மற்றொரு வேலையைப் பார்ப்போம். நண்பகலுக்குப் பின் பால் நிறுத்துவிட்டு இருவரும் வீடு திரும்புகின்றனர். கணவர் குளித்து, உண்டு, சிறிது கண்ணயர்கிறார். மனைவி அப்பொழுதுதான் துணி துவைக்கத் தொடங்குகிறார். பிறகு பாத்திரம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மாமியாருக்கு மருந்து, இரவுச் சமையல், மறுநாளைக்கு வேண்டியவை எனப் படுக்கும்வரை வேலை தொடர்கிறது.

தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்ததைப் பெரியவர்கள் அறிவர். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவுக்குப் பேர் உண்டு; சம்பளமும் உண்டு. அதே பிள்ளையை மாலையில் வீட்டில் பார்த்துக்கொண்ட தாய்க்குப் பேர் இல்லை. வேலை ஒன்றே, கொட்டகையில் செய்தால் தொழில், வீட்டில் செய்தால் கடமை. இந்த வேறுபாட்டைச் சற்றே சிந்தித்துப் பார்த்தல் நலம்.

இது நம் தோட்டத்திற்கு மட்டும் உரியதன்று. கஸானா ஆய்வு நிலையம் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்று, அதில் பங்கேற்ற பெண்கள் சம்பளமில்லாப் பராமரிப்பு வேலைக்கு நாளொன்றுக்கு 3.6 மணி நேரமும், ஆண்கள் 2.2 மணி நேரமும் செலவிட்டதாகக் கூறுகிறது. மலேசியாவில் உழைக்கும் வயதுடைய ஆண்களில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் தொழிலாளர் அணியில் உள்ளனர்; பெண்களில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரே உள்ளனர். எஞ்சியவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று பொருளன்று. அவர்களில் மிகப் பலர் வீட்டைப் பார்த்துக்கொள்கின்றனர். கூலாயிலும் செனாயிலும் தொழிற்சாலைகள் பெருகித் தொழிற்சாலைப் பேருந்து தோட்டத்து வாசலுக்கே வந்து நின்றபோதும், “பிள்ளையை யார் பார்ப்பது?” என்ற ஒரே கேள்வி எத்தனையோ பெண்களை வாசற்படியிலேயே நிறுத்தியது.

வீட்டு வேலையின் மதிப்பு அது நின்றால்தான் தெரியும். ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள ஐஸ்லாந்து நாட்டில், 1975ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஒரு நாள் மட்டும் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் நிறுத்தினர். தந்தையர் பிள்ளைகளை வேலையிடத்திற்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. பல பள்ளிகளும் கடைகளும் இயங்கவில்லை. மறு ஆண்டே அந்நாட்டில் சமத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. 1980இல் விக்டிஸ் என்னும் பெண்மணியை மக்கள் அதிபராகத் தேர்ந்தெடுத்தனர். நாம் வேலையை நிறுத்திப் பார்க்கத் தேவையில்லை. எண்ணிப் பார்த்தாலே போதும்.

நம் நாட்டுச் சட்டமும் வீட்டு உழைப்பை மெல்ல மெல்லக் கணக்கில் எடுத்து வருகிறது. முஸ்லிம் அல்லாதார்க்குரிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, மணவிலக்கின்போது சொத்தைப் பிரிக்கும் நீதிமன்றம், வீட்டையும் பிள்ளைகளையும் பராமரித்த உழைப்பையும் கருத்திற் கொள்கிறது. 1999இல் செய்யப்பட்ட திருத்தத்தால், பிள்ளைகளின் காப்புரிமையில் தாய்க்கும் தந்தைக்கு நிகரான உரிமை கிட்டியது. 2022 டிசம்பர் முதல், இல்லத்தரசிகள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் சொக்சோ பாதுகாப்புப் பெறும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுப்படியில் நேரும் விபத்தும் விபத்தே என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

ஆடவர்க்கு ஒரு சொல்

“நானும்தானே உழைத்துக் களைத்து வருகிறேன்” என்று ஆடவர் கூறக்கூடும். அது உண்மை. மழைக்காலத்தில் வெட்டு இல்லாமல் வருமானம் குறையும்போது ஏற்படும் கவலையும் உண்மை. ஆனால், களைப்பு இருவருக்கும் பொதுவாக இருக்கையில் ஓய்வு மட்டும் ஒருவருக்கே உரியதாவது எவ்வாறு? கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பவர்கள் ஆண்கள்தாம். அங்கே இழுக்காகாத கரண்டி, வீட்டில் மட்டும் எப்படி இழுக்காகும்? சட்டம் தந்துள்ள ஏழு நாள் தந்தையர் விடுப்பும் வீட்டில் விருந்தாளியாக இருப்பதற்காக அன்று. குழந்தையைத் தூக்கவும், துணி அலசவும், தாய் சற்று உறங்கவுமே அது தரப்பட்டது.

பழக்கம் பிள்ளைப் பருவத்திலேயே வேரூன்றுகிறது. அக்காள் பாத்திரம் கழுவ, தம்பி பந்தாடப் போகும் வீட்டில், சமத்துவப் பாடத்தைப் பள்ளி ஆசிரியர் எத்தனை முறை நடத்தினாலும் பயன் சிறிதே. அக்காளுக்குப் படிக்க வேண்டிய மணி நேரம் அந்தப் பாத்திரங்களில்தான் கரைகிறது.

இன்றே செய்யத்தக்கவை

முதலாவதாக, காட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவர் பேரும் தனித்தனியே பதிவாகியுள்ளதா என்று சம்பளச் சீட்டைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். பதிவாகாதிருப்பின் முதலில் கிராணியிடமும், பின்னர்த் தொழிற்சங்கத்திடமும், தேவைப்படின் தொழிலாளர் இலாகாவிடமும் முறையிடலாம்.

இரண்டாவதாக, மனைவி தம் பேரிலேயே வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும்.

மூன்றாவதாக, கணவனும் மனைவியும் தத்தம் சேமநிதி வாரிசு நியமனத்தைச் சரிபார்க்க வேண்டும். திருமணத்திற்கு முன் செய்த நியமனத்தை மாற்ற மறந்தவர்கள் பலர் இருக்கக்கூடும்.

நான்காவதாக, மனைவி சம்பள வேலைக்குச் செல்லாதவராயின், கணவர் தமது 11 விழுக்காட்டுச் சேமநிதிப் பங்கிலிருந்து 2 விழுக்காட்டை மனைவியின் கணக்கிற்கு மாற்றும் ‘ஐ-சாயாங்’ திட்டத்தைப் பற்றியும், இல்லத்தரசிகளுக்கான சொக்சோ திட்டத்தைப் பற்றியும் உரிய அலுவலகங்களில் கேட்டறியலாம்.

ஐந்தாவதாக, வீட்டு வேலைகளை ஒரு தாளில் எழுதி, யார் எதனைச் செய்கிறார் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அதுவே உங்கள் வீட்டுப் பெரட்டுப் புத்தகம். அதில் யார் பேர் எத்தனை முறை விழுகிறது என்பதைக் கண்ட பிறகு வேறு உபதேசம் தேவைப்படாது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் வீட்டில் முதலில் எழுபவர் யார்? கடைசியில் உறங்கச் செல்பவர் யார்?

2. வீட்டு வருமானத்தில் மனைவியின் பேரில் சேரும் சேமிப்பு எவ்வளவு?

3. உங்கள் மகனுக்குத் தெரிந்த வீட்டு வேலைகள் எவை? உங்கள் மகளுக்குப் படிக்கக் கிடைக்கும் நேரம் எவ்வளவு?

இவ்வினாக்களைக் குடும்பத்தோடு அமர்ந்து பேசுங்கள். என்னிடம் வந்து நின்ற அம்மையாருக்கு இழந்த ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர இயலவில்லை. ஆனால், விடைபெறும்போது அவர் கேட்டது தமக்காக அன்று: “எம் மருமக இப்ப மகனோட சேந்து மரம் வெட்டுது, ஐயா. அது பேரை எங்க போயிப் பதியணும்?”

அவ்வினா ஒவ்வொரு தோட்டத்திலும் எழுதல் வேண்டும். அதனை முதலில் கேட்பவர் கணவராக இருப்பின் அது அக்குடும்பத்திற்குப் பெருமையாகும். நாளை விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்படி விளக்கு எரியும்போது, அதன் வெளிச்சத்தில் இருவர் நிற்கட்டும்.